ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவனாம்

ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நிற்கும் தகரப் பட்டறையைக் கட்டியவன் நான். அதன் தூண்கள் மூடிப்போன ரப்பர் ஆலையின் இரும்பு. ஒவ்வொன்றையும் நானே அறுத்து, நானே பற்றவைத்து, நானே நிமிர்த்தினேன். பெக்கோக் பக்கம் ஒரு மர ஆலையில் கட்டை இழுக்கும் இயந்திரம் பல்லுடைந்து நின்றபோது, சாமான் வர மாதக்கணக்காகும் என்று கம்பெனிக்காரன் கையை விரித்தான். குப்பையில் கிடந்த லோரியின் கியர்பெட்டியைத் தலைகீழாகப் போட்டு அதே வாரத்தில் ஓடவிட்டவன் நான். எங்கள் கோயில் தேருக்கு ஸ்டியரிங் வைத்தவன் நான். அதற்கு முன்னால் வளைவில் திருப்ப ஊரே கட்டையோடு ஓடும். இப்போது ஒரே ஆள் உட்கார்ந்துகொண்டு திருப்புகிறார். வெள்ளம் வந்து தோட்டத்துக்கு மின்சாரம் போன வருஷம், செத்துக் கிடந்த டிராக்டர் எஞ்சினை எழுப்பி தொழிலாளர் லயம் முழுக்க விளக்கெரிய வைத்தவனும் நான்தான்.

இத்தனைக்கும் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என் அப்பாவிடம், "இவன் தலையில ஒன்னும் ஏறாது, ரப்பர்ப் பால் வாளியக் குடுத்து அனுப்பு" என்று சொன்னார். பிற்காலத்தில் அந்தக் கிராணியின் கார் செம்பனைக் காட்டு நடுவில் நின்றபோது போய் எடுத்துக் கொடுத்தது நான். கூலி வாங்கவில்லை. "தலையில ஏறாதவன் கைய நல்லாப் பாத்துக்குங்க கிராணி" என்று மட்டும் சொன்னேன். நான் எதையும் மறப்பவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கடைசியாகக் கட்டியது ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின். ஆங்கிலேயன் செய்த பழைய இரட்டை சிலிண்டர் எஞ்சின். இந்த ஜொகூரில் அப்படி ஒன்று இப்போது ஓடுகிறது என்றால் அது என் கையால் ஓடுகிறது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு பலகை நிற்கிறது. அந்தப் பலகையில் என் பெயர் இல்லை. வேறொருவன் பெயர் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த வேறொருவன் என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். தெப்ராவில் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் வைத்திருக்கிறான். அவனும் தோட்டத்தில் பிறந்தவன்தான், படிப்பும் என் அளவுதான். வாய் மட்டும் பல்கலைக்கழகம் போய் வந்தது. என்னை விட இளையவன் என்பதால் "அண்ணே" என்பான், நான் "தம்பி" என்பேன். அந்த மரியாதை எல்லாம் ஒரு காலத்தில் இருந்தது.

ஒரு நாள் அவன் பஸ்ஸிலேயே அந்த வண்டியைக் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் இறக்கினான். குளுவாங்கில் ஒரு சீன முதலாளி, தவுக்கேயின் கடைப் பின்கட்டில் கிடந்ததாம். சட்டம் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், எஞ்சின் உரச்சாக்குகளில். யாரோ என்றைக்கோ பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி சேர்க்கத் தெரியாமல் ஓடியிருக்கிறான்.

"அண்ணே, இது ஆகுமா?"

"ஆகாதுன்னா எதுக்கு இவ்ளோ தூரம் ஏத்திட்டு வந்த? திருப்பி ஏத்திட்டுப் போ."

"அய்யோ கோச்சிக்காதீங்கண்ணே. ஜொகூர் பாருல எல்லா வொர்க்ஷாப்பும் ஏறி எறங்கிட்டேன் லா. ஒருத்தன்கிட்டயும் ஸ்பேனர் உக்கார மாட்டேங்குது. ஒன்னு பெருசாப் போவுது, இன்னொன்னு உள்ளயே போவ மாட்டேங்குது."

"அவனுங்க வெச்சிருக்கிறது ஜப்பான் சைஸ். இது வெள்ளக்காரன் சைஸ். மூளையில்லாம திருகி நட்டு தலைய உருட்டி வெச்சிருப்பானுங்களே?"

"கொஞ்சம்."

கொஞ்சமாம். சாக்கைக் கவிழ்த்தால் பாதி நட்டுகள் கோலிக்குண்டு போல உருண்டன.

என்னிடம் அந்த சைஸ் ஸ்பேனர்கள் இருந்தன. எப்படி என்றால், தோட்டத்து ரப்பர் ஆலையை ஓட்டியது ஆங்கிலேயன் செய்த டீசல் எஞ்சின். அதன் பக்கத்தில் எண்ணெய் துடைக்கும் ஆளாகச் சேர்ந்து, அதைப் பிரித்துப் பூட்டும் ஆளாக வெளியே வந்தேன். ஆலையை மூடி எல்லாவற்றையும் பழைய இரும்புக்கு எடைபோட்டபோது மற்றவர்கள் தகரத்துக்கும் செம்புக் கம்பிக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் அந்த ஸ்பேனர் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்றைக்கு சிங்கப்பூரிலிருந்து ஆள் வந்து அந்தப் பெட்டியை விலைக்குக் கேட்கிறான். கொடுக்க மாட்டேன்.

வேலையைத் தொடங்கினேன். என் மனைவியின் துணி அலசும் பெரிய பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு சாமானையும் ஊறப் போட்டேன். அதற்கு வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. கரி, துரு, கரப்பான் முட்டை எல்லாம் கழன்று வந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணில் பட்டது.

இந்த எஞ்சினின் கிராங்குக்குள், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்குள், ஒரு குழல் இருக்கிறது. எண்ணெயில் வரும் அழுக்கெல்லாம் அதில் போய்த் தங்கும்படி ஆங்கிலேயன் வைத்திருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு திருகாணித் தலைதான் தெரியும். தெரியாதவன் கிராங்கைக் கழுவி, பளபளவென்று துடைத்து, அப்படியே உள்ளே வைத்துப் பூட்டிவிடுவான். குழல் அடைத்திருக்கும். எண்ணெய் போகாது. சீக்கிரமே எஞ்சின் கத்திக்கொண்டு செத்துப்போகும். நான் அந்தத் திருகாணியைத் தேடிப் பிடித்தேன். அது கழலவில்லை. நெருப்பு வைத்தேன், அடித்தேன், கெட்ட வார்த்தை சொன்னேன். கடைசியில் அதன் நடுவில் துளை போட்டு வெளியே இழுத்தேன். உள்ளே இருந்த அழுக்கு இறால் பெலாச்சான் கட்டி மாதிரி இருந்தது. கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"அலமாக், என்னண்ணே இது?" என்றான் சகலை.

"உன் வண்டியோட சாவு. எடுத்துட்டேன். போட்டோ புடிச்சிக்க."

பிடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவான், என் வீட்டுக் காப்பியைக் குடிப்பான், கைத்தொலைபேசியில் படம் பிடிப்பான். அந்த எஞ்சினுக்காக அவன் கையில் எடுத்த சாமான் அந்தக் கைத்தொலைபேசி ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான், நான் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தபோது கை நீட்டி ஸ்பேனர் கேட்டேன். அப்போதும் தப்பான ஸ்பேனரைத்தான் கொடுத்தான்.

இந்த வகை எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஒன்று ஏற ஒன்று இறங்கினால் ஒன்றை ஒன்று சமாளிக்கும். இரண்டும் சேர்ந்து குதித்தால் ஓட்டுகிறவன் பல்லே ஆடும். ஆங்கிலேயன் அதோடுதான் வாழ்ந்தான். நான் வாழவில்லை. பிஸ்டன், அதன் தண்டு எல்லாவற்றையும் நகைக்கடைத் தராசில் நிறுத்து, கனமான பக்கத்தை அரத்தால் ராவி, இரண்டையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தேன். பிறகு இரண்டு இரும்புப் பட்டைகளைக் கத்தி முனை போலத் தீட்டி, மட்டம் பார்த்து நிறுத்தி, அதன் மேல் கிராங்கை உருட்டினேன். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அங்கே கொஞ்சம் துளையிட்டு எடை குறைப்பேன். மறுபடி உருட்டுவேன். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிற வரைக்கும் அதைச் செய்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தேர்ச் சக்கரத்துக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்தேன்.

சிலிண்டரைக் குடைய குளுவாங்கில் எனக்குத் தெரிந்த சீனரிடம் கொண்டுபோனேன். அவர் பிஸ்டனைச் சுற்றி ஜப்பான் எஞ்சினுக்கு வைக்கும் இடைவெளியை வைக்கப் பார்த்தார். "தவுக்கே, இது பழைய இரும்பு. நம்ம ஊர் வெயிலில் விரியும். இறுக்கிக் கட்டினால் நடுரோட்டில் பிடித்துக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் விடுங்கள்" என்று மலாயில் சொல்லி, பக்கத்திலேயே நின்று செய்ய வைத்தேன்.

அதன் பிறகு இந்த எஞ்சினுக்கு இல்லாத நல்லதெல்லாம் கொடுத்தேன். மழை பெய்தால் அணைந்துபோகும் பழைய பற்றவைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எலெக்ட்ரோனிக் பெட்டி வைத்தேன். மங்கல் விளக்குக்குப் பதிலாக இந்தக் காலத்து விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் ஏற்றினேன். எண்ணெய் திரும்பி வரும் வழியில் ஒரு பில்டர் வைத்தேன், ஆங்கிலேயன் வைத்தது சும்மா கொசுவலை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குழாய் வைத்தேன். கதை முழுக்க அந்தக் குழாயில்தான் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

இந்த வண்டியில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும், எஞ்சினுக்கு மேலே. சில வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிவயிற்றில் நிறைந்துவிடும். பிறகு உதைத்தால் ஊரெல்லாம் புகை, தரையெல்லாம் எண்ணெய். அதற்காக நடுவில் ஒரு பித்தளைக் குழாய் வைத்தேன். நிறுத்தும்போது மூட வேண்டும், ஓட்டும்போது திறக்க வேண்டும். திறக்க மறந்தால் எஞ்சினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போகாது. உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்ததும் பேரிங் உருகும், பிஸ்டன் பிடிக்கும். முடிந்தது.

மனிதன் மறப்பான் என்று எனக்குத் தெரியும். முக்கியமாக இந்த மனிதன். ஆகவே பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடியில் இருக்குமே ஒரு சின்ன சுவிட்ச், அதைக் கழற்றி அந்தக் குழாயில் பூட்டினேன். குழாய் மூடியிருந்தால் எஞ்சினைப் பற்றவைக்கும் பொறி வராது. உதைத்து உதைத்துக் கால் வலிக்கும், அவ்வளவுதான். எஞ்சின் சாகாது.

முதன்முதலாக அதை ஸ்டார்ட் செய்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பட்டறை முன்னால் அக்கம்பக்கம் எல்லாம் கூடியது. இரண்டாவது உதையில் எடுத்தது. பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு கிளாஸ் காப்பியை வைத்தேன். காப்பியில் வளையம் விழுந்தது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. சகலை கைத்தொலைபேசியைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மக்களே, பாத்துக்குங்க, நம்ம எஞ்சின்!" என்று கத்தினான். நம்ம என்றான். அப்போதே எனக்கு உறுத்தியது.

வண்டியை ஏற்றும்போது நான் அவன் தோளைப் பிடித்துச் சொன்னேன். "தம்பி, இந்தக் குழா. மொதல்ல இதத் தொற, அப்புறம்தான் காலத் தூக்கு. இந்த சுவிட்சுல கை வெக்காத."

"தெரியும்ணே, தெரியும்ணே." கண் கைத்தொலைபேசியில்.

அதற்குப் பிறகு தெப்ராவில் வண்டிக்குப் பூஜை வைத்தான். உறவுக்காரர்கள், பஸ் ஓட்டுநர்கள், கோயில் தலைவர் எல்லாருக்கும் அழைப்பு. எனக்கு இல்லை. என் மனைவிக்கு மட்டும் அவள் தங்கை போன் செய்து, "அக்கா, நீ வந்து சமையலுக்குக் கொஞ்சம் நில்லு" என்றாளாம். அவள் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்தாள்.

"என்னங்க, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. ஐயரு நல்ல நேரம் முடியப் போவுதுன்னு பறக்கிறாரு. தங்கச்சி வீட்டுக்காரரு ஒதைக்கிறாரு ஒதைக்கிறாரு, வண்டி வாயே தொறக்கல. வேர்த்து ஊத்துது மனுஷனுக்கு."

எனக்கு மனம் குளிர்ந்தது. "குழாயத் தொறந்திருக்க மாட்டான். அப்புறம்?"

"நான் சொன்னேங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கன்னு. 'அதெல்லாம் வேணாம்'னுட்டாரு. அவரு பஸ்ஸுக்கு வயரிங் பாக்குறவரு ஒருத்தரு வந்தாரு. கீழ குனிஞ்சு பாத்தாரு. நீங்க வெச்ச சுவிட்சு வயர வெட்டி ரெண்டையும் முறுக்கி ஒட்டிட்டாரு. ஒடனே எடுத்துருச்சு. தங்கச்சி வீட்டுக்காரரு வண்டிய ஒரு முழம் நகத்தி எலுமிச்சம்பழத்த நசுக்கினாரு, எல்லாரும் கை தட்டினாங்க, நிறுத்திட்டாரு."

"நிறுத்திட்டானா? ஓட்டலையே?"

"மால போட்டு போட்டோ எடுக்கணுமில்ல. அதுக்கு எதுக்கு ஓட்டணும்?"

அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உள்ளே நான் தடவி வைத்த எண்ணெய் போதும். எஞ்சின் பிழைத்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். நல்ல நேரம் போய்விடும் என்ற பயத்தில், வண்டியின் உயிரைக் காக்கும் வயரை ஐயர் முன்னால் வைத்து வெட்டியிருக்கிறார்கள். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறார்கள். இதை வேறு எந்த நாட்டுக்காரனிடமாவது சொன்னால் நம்புவானா?

"யாரு எஞ்சின் கட்டினதுன்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

அவள் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "கேட்டாங்க."

"என்ன சொன்னான்?"

"'நானேதான் செஞ்சேன், எங்க சகல ஸ்பேனர் எடுத்துக் குடுத்தாரு'ன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீயும் சிரிச்சியா?"

"நான் பாயசம் ஊத்திக்கிட்டு இருந்தேன்." பிறகு சொன்னாள்: "அந்த வயரு முக்கியம்னா ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிறவனுக்கு வயரப் பத்தி என்ன தெரியும்?"

நான் போன் செய்யவில்லை. ஏன் செய்ய வேண்டும்? அடுத்த வாரம் ஜொகூர் பாரு கடலோரத் திடலில் பழைய மோட்டார் சைக்கிள்களின் ஒன்றுகூடல். சிங்கப்பூரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், பரிசும் உண்டு. அங்கே அவன் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுவான். குழாயை மறப்பான், பூஜையிலேயே மறந்தவன்தானே. பொறியைத் தடுக்க இப்போது வயரும் இல்லை. அத்தனை பேர் முன்னால் எஞ்சின் கத்தி நிற்கும். "நீங்க கட்டினது ஏன் நின்னுச்சு?" என்று கேட்பார்கள். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு ருசியாக இறங்கியது. இதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

காலையிலேயே திடலுக்குப் போய்விட்டேன். கயிறு கட்டி வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவன் வண்டி நடுவில் நின்றது. பக்கத்தில் கால் வைத்த பெரிய பலகை. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. ஆங்கிலத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். மறுகட்டுமானம், மேம்பாடு எல்லாம் உரிமையாளரே தன் கையால் செய்தது என்று படித்துச் சொன்னார். கீழே படங்கள். கிராங்கைப் பிடித்த கை, பிஸ்டனைத் துடைக்கும் கை. எல்லாம் கை, எதிலும் முகம் இல்லை. என் இடது ஆட்காட்டி விரலின் நுனி இள வயதில் ரப்பர் உருளையில் போய்விட்டது. அந்த மொட்டை விரல் அத்தனை படத்திலும் பளிச்சென்று இருந்தது. ஜனங்கள் என் விரலைப் பார்த்துவிட்டு அவன் முதுகைத் தட்டினார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். ஒரு நொடி திகைத்தான். பிறகு பல்லைக் காட்டினான்.

ஒன்றுகூடலை நடத்தும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, "எஞ்சின் யார் செய்தது?" என்று மலாயில் கேட்டார்.

"சாயா செண்டிரி, டத்தோ," என்றான் சகலை. நானேதான் என்று அர்த்தம், டத்தோ என்பது பெரியவரின் பட்டம்.

நான் கயிற்றை ஒட்டி நின்றிருந்ததைப் பெரியவர் கவனித்தார். "இவர் உங்கள் ஆளா?"

"எங்க வீட்டுப் பாக்சிக். ஸ்பேனர் எடுத்துக் குடுப்பாரு." பாக்சிக் என்றால் வயதான மாமா. அதை என் எதிரிலேயே சொன்னான்.

குனிந்து குழாயைப் பார்த்தேன். மூடியிருந்தது. கைப்பிடி குறுக்கே கிடந்தது. என் மனதுக்குள் ஒரு பெரிய சந்தோஷம் எழுந்தது. "டத்தோ, சத்தம் கேட்கலாமே! ஓடவிடச் சொல்லுங்கள்!" என்று முதலில் குரல் கொடுத்தவனே நான்தான். மற்றவர்களும் சேர்ந்து, "ஹிடுப்கான்! ஹிடுப்கான்!" என்று கத்தினார்கள். ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு.

அவன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதைத்தான். எடுத்தது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? பட்டறையில் ஊற வைத்து, எடைபோட்டு, ராவி, உருட்டி நான் உண்டாக்கிய சத்தம். ஜனங்கள் ஆகா என்றார்கள். அவன் கைப்பிடியை முறுக்கினான், இன்னும் முறுக்கினான். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். பிடிக்கட்டும். உருகட்டும். அவன் மானம் போகட்டும். பிறகு எஞ்சினின் தலைப்பக்கத்தில் ஒரு காய்ந்த டக்டக் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அதன் அடியிலிருந்து இன்னொரு சத்தம் ஏறி வந்தது, உலோகம் உலோகத்தை நக்குகிற சத்தம். நான் துளையிட்டு அழுக்கெடுத்த அந்தக் கிராங்க் என்னைக் கூப்பிட்டது போல இருந்தது.

அவனுக்காக நான் போகவில்லை. அவன் வண்டிக்காகவும் போகவில்லை. நான் செய்த வேலையை அவன் கையால் சாகவிட என்னால் முடியவில்லை. கயிற்றைத் தாண்டிக் குதித்தேன். இந்த வயதில். இரண்டு பிளக் வயரையும் ஒரே பிடியில் பிடுங்கினேன். மின்சாரம் முழங்கை வரைக்கும் உதைத்துத் தள்ளியது. எஞ்சின் நின்றது.

"யோவ் பெருசு! பைத்தியமா ஒனக்கு?"

அதுவரைக்கும் அண்ணே. அன்றைக்குப் பெருசு.

"ஒயில் குழா மூடியிருக்குடா! எஞ்சின கொல்லப் பாத்தியே!"

"எங்க மூடியிருக்கு?" என்றான். கண்ணாடியைக் கழற்றவில்லை. வண்டியின் அந்தப் பக்கம் குனிந்து, தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, கையை உள்ளே விட்டான். ஒரு அசைவு, அவ்வளவுதான். பிறகு விலகி நின்று எல்லாருக்கும் காட்டினான். "தொறந்துதானே இருக்கு? டத்தோ, வந்து பாருங்க. தொறந்திருக்கு!"

குழாய் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் திறப்பது என்றும் தெரிந்திருந்தது. எஞ்சினுக்காகத் திறக்காதவன் பொய்க்காகத் திறந்தான்.

"பொறாம லா டத்தோ, பொறாம. சொந்தத்துக்குள்ளயே இப்படி!" என்று தமிழும் மலாயும் கலந்து கத்தினான். என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மரியாதையாகத்தான் பிடித்தார்கள், "பாக்சிக், சாபார், சாபார்" என்று பொறுமை சொல்லிக்கொண்டே. அந்த மரியாதைதான் எனக்கு அதிகமாக எரிந்தது. என் பின்னால் எஞ்சினை மறுபடி உதைக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை எண்ணெயோடு ஓடியது. கோப்பையையும் அதுவே வாங்கிக் கொடுத்தது.

நான் வயரைப் பிடுங்கும் படம் அன்று மத்தியானமே குடும்பத்தார் எல்லாருடைய கைத்தொலைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது. 'வயித்தெரிச்சல்' என்று மேலே எழுதியிருந்தது. என் சொந்த மருமகன் சிரிக்கிற முகம் ஒன்றை அதற்குக் கீழே போட்டிருந்தான். அவனையும் நான் குறித்துக்கொண்டேன்.

ஆனால் எஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எண்ணெய் இல்லாமல் ஓடிய நேரம் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. சூடேறினால் இப்போது அடிப்பக்கத்தில் தட்டுகிறதாம். சகலையின் பஸ் மெக்கானிக் பார்த்துவிட்டு, இது என் வேலை இல்லை என்று ஒதுங்கிவிட்டான். சிங்கப்பூரில் கேட்டார்களாம், எஞ்சினை விட்டுவிட்டுப் போங்கள், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். அடுத்த ஒன்றுகூடலுக்கு வேறு ஊர்க்காரர்கள் அவனையே முதல் ஆளாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவன் மனைவி. பாவம், அவளை அனுப்பிவிட்டான். பலகாரமும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்து, என் பட்டறை வாசலில் நின்றாள்.

"மாமா, நீங்க எஞ்சினத் தொறந்து பாத்தாத்தான் ஆகும்னு அவருக்கே தெரியும்."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்லட்டும்மா."

"சொல்றேன்னாரு மாமா. வீட்டுக்கு வந்து, அக்கா முன்னாடி, மன்னிப்பு கேக்குறேன்னு சொன்னாரு. கால்ல விழுறதுன்னாலும் விழுறேன்னாரு."

"கால் எதுக்கு எனக்கு? போர்டு?"

அவள் வாழைப்பழச் சீப்பை மறு கைக்கு மாற்றினாள்.

"போர்டுல என்ன போடுறானாம்?"

"அது வந்து... எல்லாரும் பாத்துட்டாங்களே மாமா. இப்ப மாத்தினா அவருக்கு அசிங்கமில்லையா?"

"அதுதாம்மா எனக்கு வேணும்."

பலகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன், அவள் மனம் கோணக் கூடாது. பதிலை மாற்றவில்லை. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தங்கச்சி முகத்துக்காகவாவது போய்த் திறங்களேன் என்றாள் மூன்றாம் நாள். வீட்டுக்குள் வந்து, நாலு சுவருக்குள் கேட்கும் மன்னிப்பு எனக்கு எதற்கு? என்னைத் திடலில் வைத்துத்தான் திருடன் மாதிரி வெளியே கொண்டுபோனார்கள். பாயசம் ஊற்றும் இடத்தில் வைத்துத்தான் சிரித்தார்கள். சிரித்தவர்கள் படிக்க வேண்டும். கையைப் பிடித்து என்னை நடத்திப் போன அந்த இரண்டு பேரும் படிக்க வேண்டும். மலாய்க்காரப் பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கையை இங்கேயே எழுதிவிடுகிறேன், சகலை இதைப் படிப்பான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பலகையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பலகை செய். மலாயிலும் ஆங்கிலத்திலும் போடு, அதற்கு மேலே தமிழிலும் போடு. எஞ்சின் சாமானைக் கழுவி எடுத்தவன், கிராங்கைச் சுத்தம் செய்து சமன்படுத்தியவன், கட்டியவன், மேம்படுத்தியவன், எண்ணெய் இல்லாமல் ஓடியபோது நிறுத்திக் காப்பாற்றியவன் என்று ஐந்தையும் எழுதி, அதன் கீழே என் முழுப் பெயரையும் என் அப்பா பெயரோடு சேர்த்துப் போடு. லாயாங் லாயாங் என்று ஊரையும் போடு. உன் பெயரை உரிமையாளர் என்று கீழே போட்டுக்கொள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, வண்டி உன்னுடையதுதான். இந்தக் கட்டுரையில் என் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. அதை எழுத வேண்டியது நீ. அந்தப் பலகை திடலில் நின்று, நாலு பேர் அதைப் படித்த பிறகுதான் என் கை உன் எஞ்சினைத் தொடும். இன்னொன்று, 'உதவியுடன்' என்ற சொல் அந்தப் பலகையில் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது.